துண்டுக்கு அடியில்

உறையூரில் அந்தச் சந்துக்குள் நுழைந்ததுமே புகையிலை நெடி முகத்தில் அடிக்கும். வீட்டுக்கு வீடு சுருட்டுப் பலகை. பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து, ஈரப்பதமான இலையைக் கத்தரியால் நறுக்கி, உள்ளே தூளை வைத்து உருட்டி, ஓரத்தில் பசை தடவி ஒட்டுவார்கள். ஒட்டியதும் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பார்ப்பார்கள். தளர்வாக இருந்தால் விரலே சொல்லிவிடும்; கண்ணால் பார்க்க வேண்டியதில்லை.

அமிர்தம் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மாதம் தும்மினாள். அது இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. இப்போது அவள் விரல்கள் பழுப்பேறி, எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நிறம் மாறாமல் போய்விட்டன. ஒரே மகளைத் துறையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவளும் அவள் புருஷன் வீரமலையும்தான்.

வீரமலைக்கும் சுருட்டுத் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. அவர் மாட்டுத் தரகர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணப்பாறைச் சந்தைக்குக் கிளம்பினால் வியாழக்கிழமை காலையில்தான் வருவார். அவர் வரும்போது சட்டையில் சாணி வாடையும் பையில் முறுக்குப் பொட்டலமும் இருக்கும். இந்த வைகாசியில் ஒரு நாள், கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். அமிர்தம் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்திருந்தாள்.

பிழைத்துவிட்டார். முதலில் பேச்சு வந்தது. பிறகு கால் வந்தது, கொஞ்சம் இழுத்துக்கொண்டு. கடைசியாகக் கை. தூக்க முடிந்தது, மடக்க முடிந்தது, செம்பைப் பிடிக்க முடிந்தது. ஆனால் உணர்ச்சி வரவில்லை. ஒரு நாள் சுருட்டைப் பிடித்தபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்த அமிர்தத்துக்குப் புகையிலை நெடியோடு வேறொரு வாடை வந்தது. ஓடிவந்து பார்த்தால் நெருப்பு விரலைத் தொட்டுத் தோல் பொசுங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

வேறு தொழில்காரனாக இருந்தால் அந்தக் கையை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கமில்லை. தரகர் தோள்துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொள்வார். விற்கிறவன் துண்டுக்கு அடியில் கையை விட்டு அவர் விரல்களைப் பிடிப்பான். பிறகு வாங்குகிறவன் கையை விடுவான். எத்தனை விரல், எந்தக் கணு என்பதில்தான் விலை. சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் அந்த விலை மூன்று பேருக்குத்தான் தெரியும். இடது கையை நீட்டினால் மாட்டுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போயே போய்விடுவான். லட்சுமியை இடது கையால் வாங்கச் சம்மதிக்கிறவன் அந்தச் சந்தையில் இல்லை. அதனால் வலது கை போனால் தரகு போயிற்று. வீரமலைக்கு அது தெரியும். அமிர்தத்துக்கும் தெரியும்.

ஆடி பிறந்ததும் ஒரு மத்தியானம் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"இந்தா, இப்படி வந்து உக்காரு. துண்டுக்குள்ள கையை விடு."

"எதுக்குங்க?"

"விடுன்னா விடேன்."

"இருபத்து மூணு வருஷமா இது என்னன்னு கேட்டுப் பார்த்தேன். பொம்பளைக்கு எதுக்குன்னு சொல்லிட்டீங்க."

"இப்பவும் பொம்பளைக்கு எதுக்குன்னுதான் சொல்றேன். விரலைப் பிடி. ஒரு விரலை முழுசாப் பிடிச்சா நூறு. நடுக்கணுவை அமுக்கினா அம்பது. நுனியில ஒரு தட்டு தட்டினா பத்து. வெளியில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"நயா பைசாவுக்கு எதைப் பிடிக்கிறது?"

"என் மீசையைப் பிடி."

அவள் சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அமிர்தம் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். விரலோடு பழகியவள் அல்லவா. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் பழக்கம். அவள் பிடிப்பாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பத்துக்கு இரண்டு சரியாக வரும். சில நாள் ஒன்றுகூட வராது. வராத நாளில் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை. அவள் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய் வந்து, குங்குமத்தை அவர் நெற்றியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலைப் பிடித்தாள்.

"நானூறு" என்றார் அவர்.

"சரி" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பொய் பழகியவள் இல்லை அவள். கம்பெனியில் சுருட்டை எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்கும்போது ஒரு காசு கூடுதலாக இருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டாள். கண்ணைத் திறந்து, "பார்த்தியா, வருது, வருது" என்றார். அன்றைக்கு இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாளும் சரி என்றாள். அதற்கு மறுநாளும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டை மட்டும், அவர் சந்தேகப்படாமலிருக்க, தப்பு என்பாள்.

அதில் நேர்ந்த கெடுதல் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் அவர் விளக்கினார்.

"இப்பப் புடிபட்டுடுச்சு அமிர்தம். விரலைப் பிடிச்சா விரல்ல தெரியலை. மணிக்கட்டுல எறும்பு ஊர்ற மாதிரி வந்தா அது நானூறு. முழங்கைகிட்ட சுருக்குன்னா அம்பது. உடம்பு புதுசா ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கு. ஒவ்வொண்ணா மனசுல ஏத்திக்கிட்டு வரேன்."

அவள் கை துண்டுக்குள் அப்படியே நின்றது. எறும்பும் சுருக்கும் அந்த நோயின் மிச்சம். அவள் சரி சரி என்று சொன்னதை வைத்துக்கொண்டு, எவருக்கும் தெரியாத ஒரு பாஷையை அவர் ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இன்னும் நாலு நாள் போகட்டும், உண்மையிலேயே உணர்ச்சி வந்துவிடாதா என்று அம்மனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி பிறந்ததும் முக்கொம்புப் பக்கத்திலிருந்து ராசப்பன் வந்தான். வாழைத்தார் ஒன்றைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். நான்கு ஏக்கர் சம்சாரி. அவன் அப்பா காலத்திலிருந்து வீரமலை முடித்துக்கொடுத்த மாடுகள்தான் அவன் கட்டுத்தறியில்.

"ஏர்ல வலப்பக்கம் பூட்டுற மாடு வாய்க்கால்ல இறங்கி முன்னங்காலை ஒடிச்சுக்கிச்சுண்ணே. நாத்து முத்திப்போய் நிக்குது. ஜோடியா வாங்கிடலாம்னு இருக்கேன். நீங்க உடம்பு சரியில்லாம இருக்கீங்கன்னாங்க, அதான் தயங்கித் தயங்கி வந்தேன்."

"உடம்புக்கென்ன? இவளைக் கேட்டுப் பாரு."

ராசப்பன் அமிர்தத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"நல்லாயிட்டாருப்பா" என்றாள்.

"அப்பாடா, இப்பதான்க்கா மனசு கீழ இறங்குச்சு. அண்ணன் முடிச்ச மாடு பதினோரு வருஷம் உழைச்சுது. வேற ஆள் துண்டுக்குள்ள கையை விட எனக்குத் தைரியமில்லை. வீட்டுக்காரி தாலிக்கொடியில கிடந்த தங்கக் குண்டையெல்லாம் கழட்டிக் குடுத்திருக்கா. ஏமாந்துட்டா அவ முகத்துல முழிக்க முடியாது."

வருகிற புதன்கிழமை முதல் பஸ்ஸில் போவதென்று பேசி முடித்தார்கள். முன்போல் செவ்வாய்க்கிழமையே போய்ச் சந்தையில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம் வீடே கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. வீரமலை வேட்டியையும் துண்டையும் நீலம் போட்டு அலசச் சொன்னார். செருப்புக்குத் தானே விளக்கெண்ணெய் போட்டார். நாவிதரை வரவழைத்து முகம் மழித்துக்கொண்டார். எதிர்வீட்டு ராக்கம்மாள் பலகையை மடியில் வைத்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"ஏண்டி அமிர்தம், உன் வீட்டுக்காரரு பொண்ணு பார்க்கப் போறாரா? இந்த மினுக்கு மினுக்குறாரு."

"மாடு பார்க்கப் போறேன் ஆத்தா" என்றார் வீரமலை. "உனக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்துட்டு வரட்டா? கொம்பு சீவி, மணி கட்டி ஓட்டிக்கிட்டு வரேன்."

"நல்லா சாதுவாப் பார்த்து வாங்கிட்டு வாங்க. மொதல்ல கட்டினது முட்டிக்கிட்டே இருந்துச்சு."

சந்தே சிரித்தது. அமிர்தமும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை, கம்பெனியில் சுருட்டைக் கொடுத்துவிட்டு அவள் நேரே பாலக்கரைக்கு நடந்தாள். நிஜாமுதீன் வீரமலையின் கூட்டாளி, அவரும் தரகர். இருவரும் ஒரே புளியமரத்தடியில் இருபது வருஷமாக நின்றவர்கள். வீரமலை ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து நேரே வந்து பார்த்தவர். அவர் மனைவி ஆபிதா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அமிர்தம் எல்லாவற்றையும் சொன்னாள். டீ ஆறிப்போயிற்று.

"நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கங்கண்ணே. தப்பாப் போகாமப் பார்த்துக்கங்க."

நிஜாமுதீன் தாடியைத் தடவினார்.

"பக்கத்துல நிப்பேன் தங்கச்சி. துண்டுக்குள்ள என் கையும் போகுமா? அங்க ரெண்டு கைக்குத்தான் இடம். ராசப்பன் முன்னூறு பிடிப்பான், இவன் ஐநூறுன்னு போய் அந்தப் பக்கம் முடிச்சுட்டு வருவான். முடிச்ச மாட்டைத் திருப்ப முடியாது. அந்தப் புள்ளை குடும்பம் என்னத்துக்காவுறது?"

"பாவம், நல்லதுக்குத்தானே சொல்லியிருக்கா" என்றாள் ஆபிதா.

"நான் இல்லைங்கலை. ஆனா நாங்க வாயால ஆயிரம் பொய் சொல்லுவோம், கிழட்டு மாட்டைக் கன்னுக்குட்டின்னுவோம். துண்டுக்குள்ள மட்டும் பொய் சொன்னதில்லை தங்கச்சி. விரல்ல சொன்னா அது சொன்னதுதான்."

அமிர்தம் தலை குனிந்திருந்தாள்.

"நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"நான் சொன்னா அவனுக்கு அவமானம். நீ சொன்னா வருத்தம். வருத்தத்தைத் தாங்கிக்குவான்."

ஆபிதா அவளைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். திரும்பும்போது கையிலிருந்த மல்லிகைச் சரத்தை அமிர்தத்தின் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வேட்டி மடித்து வைத்தாகிவிட்டது. புளி ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்குக் கட்டுச்சோறு. வாழையிலையைத் தணலில் வாட்டி வைத்திருந்தாள்.

"கடைசியா ஒரு தடவை பிடி" என்றார் வீரமலை. துண்டை உதறிக் கைமேல் போட்டுக்கொண்டார். நீலம் போட்ட துண்டின் வாசனை வந்தது.

அவள் அவருடைய ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் முழுசாகப் பிடித்தாள்.

"முன்னூத்து அம்பது."

அவள் பிடியை விடவில்லை.

"என்ன, சரிதானே?"

"நூறுங்க."

அவர் சிரித்தார். "விளையாடாத புள்ள. நாளைக்குப் பொழைப்பு."

"ஒரு விரல்தாங்க பிடிச்சிருக்கேன்."

இன்னொரு கையால் துண்டை எடுத்துவிட்டாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் பழுப்புக் கைக்குள் அவருடைய ஒரு விரல் இருந்தது. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இப்ப மாத்திப் பிடிச்சே."

"இல்லீங்க."

"நேத்து?"

"நேத்தும் தப்புதாங்க."

"முந்தாநாள் எட்டும் சரின்னியே."

"ஒண்ணுதான் சரி."

அவர் உதடு கோணிக்கொண்டது. வைகாசியில் கோணியது போலவே. அவள் பயந்துபோனாள். ஆனால் அது நோயில்லை.

"எத்தனை நாளா?"

"ஆடி கடைசி வெள்ளியிலேருந்து."

"எதுக்குடி?"

"அன்னிக்கு ரசம் கேட்டீங்க" என்றாள் அமிர்தம்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். இழுத்த பிறகு, அவள் பிடியிலிருந்து வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அவள் விளக்கடியில் உட்கார்ந்து சுருட்டு உருட்டினாள். அன்றைக்கு உருட்டியது எல்லாம் தளர்ந்திருந்தது. அத்தனையையும் பிரித்துத் திரும்ப உருட்டினாள்.

விடிவதற்குள் அவள் எழுந்து சோற்றை வடித்தாள். புளி கரைத்தாகிவிட்டது, வீணாக்கக் கூடாது, ராசப்பனாவது சாப்பிடுவான். அவள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் சத்தம் கேட்டது. வீரமலை குளித்துக்கொண்டிருந்தார். வந்து, சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டார். திருநீறு பூசிக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டார். அவள் அடுப்படி வாசலிலேயே நின்றாள். கேட்கத் தைரியமில்லை.

ராசப்பன் வந்தான். புதுக் கயிறு இரண்டைத் தோளில் சுருட்டிப் போட்டிருந்தான்.

"கிளம்பலாமாண்ணே?"

"உக்காரு தம்பி." வீரமலை தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் கை இன்னும் வரலை."

"அக்கா நல்லாயிட்டாருன்னு சொன்னாங்களே?"

அமிர்தம் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு என்னப்பா தெரியும்? நான்தான் கை வந்துடுச்சு, வந்துடுச்சுன்னு அவகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். அவளும் நம்பிட்டா. ஆம்பளை வீம்பு. சந்தைக்கு எப்படியாவது போயிடணும்னு ஒரு ஆசை. ராத்திரிப் படுத்து யோசிச்சேன், உன் வீட்டுக்காரி குண்டு கழட்டிக் குடுத்ததை நினைச்சுக்கிட்டேன். தப்பு என்மேலதான்."

கதவுக்குப் பின்னால் அமிர்தம் அசையாமல் நின்றாள். அவர் வாயிலிருந்து ஒரு திட்டு வந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ போ. சந்தையில புளியமரத்தடியில நிஜாமுதீன் பாய்னு கேளு. நான் அனுப்பினேன்னு சொல்லு. அவர் கையும் என் கையும் ஒண்ணுதான். மாட்டைப் படுக்கவிட்டு எழுப்பிப் பாரு, எந்தக் காலை மொதல்ல ஊனுதுன்னு கவனி. பல்லை நீயே பிடிச்சுப் பாரு. அவசரப்படாத."

"நீங்களும் வாங்கண்ணே. கை வேணாம், கண்ணால பார்த்துச் சொன்னாப் போதும்."

"துண்டை விரிக்காம அந்த மரத்தடியில நிக்க என்னால முடியாது தம்பி" என்றார் வீரமலை.

ராசப்பன் எழுந்தான். கயிற்றைச் சரி செய்துகொண்டான். அமிர்தம் வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஜோடியை ஓட்டிக்கிட்டு இந்த வழியாத்தான் வருவேன். அண்ணன் பார்த்துத் தட்டிக்குடுத்தப்புறம்தான் கட்டுத்தறி" என்று சொல்லிவிட்டுப் போனான். அது அவனுக்குச் சுற்று வழி. ஆறேழு மைல் கூடுதல் நடை.

சந்தில் கத்தரிச் சத்தம் ஆரம்பமாயிற்று. வீரமலை சலவை வேட்டியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு பொட்டலம் நடுவில் இருந்தது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? நான்தானே..."

"விடு."

"மன்னிச்சுடுங்க."

அவர் வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். "இந்த வேட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்க முடியலை" என்றார். "ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வருவோமா? புரட்டாசி மாசம். பெருமாளைப் பார்த்து எத்தனையோ நாளாச்சு."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் மாட்டோடு நடந்த ஊர்கள் எத்தனையோ. அவளோடு ஸ்ரீரங்கம் போனது மூன்று தடவை இருக்கும். அவள் புடவையை மாற்றிக்கொண்டு பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். ராக்கம்மாள் எதிரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். இருவர் முகத்தையும் பார்த்ததும், வாய்வரை வந்த கேலியை விழுங்கிவிட்டு, "பார்த்துக் கூட்டிட்டுப் போ அமிர்தம்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியபோது ஆறு கரை முட்ட ஓடியது. அம்மாமண்டபத்தில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. பெருமாளைச் சேவிக்கும் முன் கால் கழுவ வேண்டும் என்று படித்துறைக்குப் போனார்கள். அவர் கால் இழுத்ததால் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கடைசிக்கு முந்திய படியில் அவர் உட்கார்ந்தார். அமிர்தம் பொட்டலத்தைப் பிரித்தாள். மணப்பாறைச் சந்தையில் பசி எடுக்கும்போது சாப்பிடுவதற்கென்று கட்டிய சோறு. அவர் இடது கையால் சாப்பிட மாட்டார். வலது கையால் எடுத்தால் கீழே சிந்தும். அவள் சோற்றை உருட்டி உருட்டி அந்தக் கையில் வைத்தாள். அவள் வைத்ததை அவர் பார்த்துப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டார். உப்புப் போதவில்லை. விடியற்காலையில் அவள் போட்ட உப்பு அவ்வளவுதான். அவர் குறை சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவக் குனிந்து, மணிக்கட்டு வரைக்கும் தண்ணீரில் விட்டார். பெரிய ஓட்டம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. படியோரத்தில் தண்ணீர் வெயிலில் தேங்கி நின்றது. விரல்களுக்கிடையில் ஒரு வேப்பிலை புகுந்து புகுந்து வெளியே வந்தது.

"ஜில்லுன்னு இருக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் காவேரியை அப்படித்தான் சொல்வார்கள். அமிர்தம் தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் விட்டுப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள். "வெதுவெதுன்னு இருக்கு."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவருடைய இடது கை மடியில்தான் இருந்தது. குனிந்து தொட்டால் தெரிந்துவிடும். அவர் தொடவில்லை.

"அப்படியா" என்றார். கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.